பச்சை என்றால் உண்டு

நீங்கள் சாட்சி. நடுவர் அல்ல, நடுவர்கள் எனக்குப் போதுமான அளவு வாய்த்துவிட்டார்கள். மணியடித்து என் பேச்சை நிறுத்தியவர்கள், உச்சரிப்புக்கு மதிப்பெண் தந்தவர்கள், குரலும் கருத்தும் ஒருங்கே அமைந்த இளைஞர் என்று ஒலிவாங்கியில் புகழ்ந்தவர்கள் எல்லாரும் என் எதிரே வரிசையாக அமர்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான், அவர்கள் முதுகுக்குப் பின்னால், மண்டபத்தின் வாசலில், நான் சொல்லப்போவது நடந்தது. அவர்களில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆகவே நீங்கள் பாருங்கள். தீர்ப்புச் சொல்ல வேண்டாம். கண்ணை எடுக்காமல் இருந்தால் போதும்.

நான் கோலாலம்பூரின் செந்தூல் அடுக்குமாடியில் வளர்ந்தவன். பல்கலைக்கழகத்தில் வேதியியலில் முதுகலை ஆய்வு செய்கிறேன். தமிழ்ச் சொற்போர் மேடைகளில் ஏறத் தொடங்கியபோது எனக்கு மீசை முளைத்திருக்கவில்லை. இரண்டையும் ஒரே பெருமையோடுதான் செய்துவந்தேன். ஆய்வகத்தில் நான் செய்வதைத் தமிழில் சொல்லமுடியாது என்று எவராவது சொன்னால், அங்கேயே நின்று சொல்லிக் காட்டிவிட்டுத்தான் நகர்வேன்.

இப்போதும் சொல்கிறேன். எங்கள் வேலை, நீரில் கரைந்திருக்கும் உலோக அயனிகளைக் காட்டிக்கொடுக்கும் உணரிகளைச் செய்வது. அதற்கு நாங்கள் நம்பியிருப்பது போர்பைரின் என்னும் மூலக்கூறு. நான்கு சிறு வளையங்களைக் கோத்துச் செய்த ஒரு பெரிய வளையம் அது. நடுவில் ஓர் அயனி மட்டும் அமரத்தக்க இடம் உண்டு. அங்கே இரும்பு அமர்ந்தால் அது நம் இரத்தத்தின் சிவப்பு. அதற்கு நெருங்கிய உறவான இன்னொரு வளையத்தில் மக்னீசியம் அமர்ந்தால் அது இலையின் பச்சை. நாங்கள் எடுத்துக்கொள்வது எவரும் அமராத வெற்று வளையம். அதைத் தாளில் ஏற்றிக் காயவைத்தால் தாள் இளஞ்சிவப்பாக இருக்கும். காரீயத்தின் அயனி அந்த இடத்துக்குப் பெரியது. உள்ளே முழுதாக இறங்க மாட்டாமல், சிறிய நாற்காலியில் வந்து உட்காரும் பருத்த மனிதரைப்போல, வளையத்தின்மேல் ஏறி அமரும். அந்தப் பாரத்தில் வளையம் நெளிகிறது. நெளிந்ததும் அது விழுங்கும் ஒளி மாறுகிறது. தாள் பச்சையாகிறது.

புளிப்பு பட்டாலும் அது பச்சையாகும் என்பது அந்தத் தாளின் குறை. அதனால் புளிப்பை முறிக்கும் ஒரு கரைசலைச் சில துளிகள் சேர்த்துவிட்டுத்தான் தாளை நனைக்க வேண்டும். அந்தக் கரைசலைச் சரிசெய்வதிலேயே என் ஆய்வின் பெரும்பகுதி கழிந்தது. வெள்ளீயம் எவ்வளவு கரைந்திருந்தாலும் தாள் அசையாது. இந்தக் கடைசி வாக்கியத்தை மறந்துவிடாதீர்கள்.

ஏனென்றால் ஈயம் என்ற சொல் இரண்டு உலோகங்களைத் தன் நிழலில் வைத்திருக்கிறது. ஒன்று வெள்ளீயம். இந்த நாட்டில் தமிழ்ப்பள்ளியில் படித்த எவருக்கும் ஈயம் என்றால் அதுதான். கோலாலம்பூரே ஈயச் சுரங்கத்துச் சேற்றிலிருந்து எழுந்த ஊர் என்று வரலாற்றுப் பாடத்தில் எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் நாங்கள். வீட்டிலோ ஈயம் என்றால் ஈயச் சொம்பு. அதில் வைத்த ரசத்துக்கு வேறெந்தப் பாத்திரத்திலும் வராத மணம் உண்டு. மற்றொன்று காரீயம். அது நஞ்சு. கருவில் இருக்கும் குழந்தையின் மூளைவரை போகக்கூடிய நஞ்சு. மலாய்க்காரர்களும் வெள்ளீயத்தைத் தீமா என்றும் காரீயத்தைத் தீமா ஈத்தாம், அதாவது கறுத்த தீமா, என்றும் சொல்கிறார்கள். ஆனால் அறிவிப்பு எழுதும்போது அவர்கள் குழப்பத்துக்கு இடம் வைப்பதில்லை. பிளம்பம் என்று எழுதிவிடுகிறார்கள்.

தீபாவளிக்கு முன்பு கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாரம் சந்தை நடந்தது. அதை நடத்திய சங்கம், சந்தையின் முதல் ஞாயிறு சொற்போர் இறுதிச்சுற்றையும் வைத்திருந்தது. நான் இறுதிச்சுற்றில் இருந்தேன். எங்கள் ஆய்வகத்துக்கும் மண்டப வாசலில் ஒரு மேசை கிடைத்தது. மக்கள் வீட்டுத் தண்ணீரையோ, ஐயத்துக்குரிய பாத்திரத்தையோ கொண்டுவந்தால் இலவசமாகச் சோதித்துச் சொல்வோம் என்பது ஏற்பாடு. மூன்று மொழிகளில் அறிவிப்பு வாசகத்தை நானே எழுதி அனுப்பினேன். ஆங்கிலத்தில் லெட், மலாயில் பிளம்பம், தமிழில் காரீயம்.

ஞாயிறு காலை மண்டபத்துக்குப் போனபோது பேனர் கட்டப்பட்டிருந்தது. மூன்று மொழிகளில் தமிழுக்குத்தான் பெரிய எழுத்து. சங்கம் தன் தமிழ்ப்பற்றை அப்படிக் காட்டியிருந்தது. "உங்கள் தண்ணீரில், பாத்திரத்தில் ஈயம் உண்டா? இலவசச் சோதனை. பச்சை என்றால் உண்டு."

சங்கத்தின் செயலாளரைத் தேடிப் பிடித்தேன். பட்டு ஜிப்பாவில், கழுத்தில் அடையாள அட்டையோடு, நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஐயா, காரீயம்னுதானே எழுதி அனுப்பினேன்?"

"ஆமா தம்பி. நான்தான் மாத்தினேன். காரீயம்னு போட்டா யாருக்கு லா புரியும்? பென்சில் குச்சின்னு நெனப்பாங்க."

"புரியலன்னா கேப்பாங்க, ஐயா. தப்பாப் புரிஞ்சா கேக்கவே மாட்டாங்க."

"பாடப் புத்தகத்துலயே ஈயம்னுதான் இருக்கு."

"அது வேற ஈயம்."

அவர் சிரித்தார். பக்கத்தில் நின்ற தொண்டரைப் பார்த்து, "பாத்தியா, இன்னும் மைக்கே கொடுக்கல, அதுக்குள்ள ஆரம்பிச்சாச்சி" என்றார். பிறகு என் தோளைத் தட்டி, "பேச்சாளர் நீங்க, பேனர் நாங்க. மேடைக்குப் போங்க தம்பி" என்றார்.

போகவில்லை. ஒரு வெள்ளைத் தாளில் தடித்த மையால் காரீயம் என்று எழுதி, ஈயம் என்ற சொல்லை முழுக்க மூடும்படி ஒட்டினேன். மேசையில் இருந்தவள் என் ஆய்வகத் தோழி, கெடாவிலிருந்து வந்த மலாய்ப்பெண். தமிழ் ஓர் எழுத்தும் தெரியாது. அந்தத் தாளை எவரும் எடுக்காமல் பார்த்துக்கொள் என்றேன். சரி என்றாள். அதற்குப் பிறகுதான் மேடைக்குப் போனேன்.

அன்றைய தலைப்பு, அறிவியலைத் தமிழில் முழுமையாகச் சொல்ல முடியும் என்பது. நான் ஒட்டிப் பேசினேன். எப்படிப் பேசினேன் என்பதை நானே சொல்வது அழகில்லை. வென்றோம் என்பதை மட்டும் சொல்கிறேன். சொல் இல்லை என்று சொல்கிறவர் தேடவில்லை என்பதே பொருள் என்று நான் முடித்தபோது கைத்தட்டல் ஓய நேரமாயிற்று. சிறந்த பேச்சாளர் நான் என்றும், சுழற்கிண்ணம் அடுத்த ஞாயிறு நிறைவு விழாவில் வழங்கப்படும் என்றும் அறிவித்தார்கள்.

அந்தக் கைத்தட்டல் நடந்துகொண்டிருந்த நேரத்தில் வாசலில் என்ன நடந்தது என்பதைத் தேநீர்க் குவளையோடு பின்கட்டில் நின்றபோது என் கைப்பேசி சொன்னது. குடும்பக் குழுவில் அக்கா ஒரு படம் அனுப்பியிருந்தாள். அவளுடைய உள்ளங்கையில் எங்கள் சோதனைத் தாள். நல்ல பச்சை. பின்னால் மங்கலாக ஓர் ஈயச் சொம்பு. கீழே அவள் எழுதியிருந்தது: "எங்க அத்தை வாங்கிக் கொடுத்த சொம்பு ஒரிஜினல்." கும்பிடும் கைகள் இரண்டு.

என் அக்கா அப்போது ஐந்தாம் மாதக் கர்ப்பிணி. கிள்ளான் பக்கம் பண்டமாரானில் கணவர் வீட்டில் இருக்கிறாள். அவள் கணவரான மாமா துறைமுகத்தில் வேலை செய்கிறார். கல்யாணமாகிப் பல ஆண்டுகள் கழித்துத் தங்கிய கரு. எதைத் தின்றாலும் குமட்டுகிறது என்று அவள் வாடியபோது, அவள் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து புதிதாக ஓர் ஈயச் சொம்பு வாங்கிப்போய், அதில் தினமும் ரசம் வைத்துக் கொடுத்தார். அது ஒன்றுதான் அவள் வயிற்றில் தங்கியது. இரண்டு வேளையும் குடித்துக்கொண்டிருந்தாள்.

வாசலுக்கு ஓடினேன். அக்காவும் அத்தையும் வந்த கார் கிளம்பிவிட்டிருந்தது. நான் ஒட்டிய தாளைக் காணவில்லை. சிறப்பு விருந்தினரோடு பேனரின் முன்னால் படம் எடுக்க வந்தபோது, அசிங்கமாக இருக்கிறது என்று சொல்லிச் செயலாளர் அதைக் கிழிக்கச் சொன்னாராம். தோழி தடுத்திருக்கிறாள். "தா ஆப்பா, தா ஆப்பா", பரவாயில்லை, பரவாயில்லை, என்று சொல்லிக்கொண்டே கிழித்திருக்கிறார்கள்.

அவள் என்னிடம் மலாயில் கேட்டதை நான் மறக்கப்போவதில்லை. "பச்சை ஆனவங்க எல்லாம் ஏன் சிரிச்சாங்க? ஒரு ஆன்டி எனக்கு முறுக்குக்கூடக் கொடுத்துட்டுப் போனாங்க. மாறாதவங்கதான் கோவமாப் போனாங்க."

உங்களுக்கு விளங்குகிறதா? பேனரைப் படித்தவர்கள் அதை நஞ்சுச் சோதனை என்று எண்ணவில்லை. ஈயச் சொம்பு அசல் ஈயமா, போலியா என்று சோதித்துச் சொல்கிறார்கள் என்று எண்ணியிருக்கிறார்கள். அந்தத் தெருவில் சொம்பு வாங்கிய எவருக்கும் அந்த ஐயம் உண்டுதானே? அதனால் சொம்பும் கையுமாக வந்திருக்கிறார்கள். தோழி முறைப்படி வினிகரை ஊற்றி, சூடுகாட்டி, சில துளிகள் எடுத்து, புளிப்பை முறித்து, தாளை நனைத்திருக்கிறாள். என்ன உண்டு என்பதுதான் பேனரில் இருக்கிறதே என்று எண்ணி, உண்டு, இல்லை என்று மட்டும் மலாயில் சொல்லியிருக்கிறாள். பச்சை என்றால் உண்டு. உண்டு என்றால் அசல். காரீயம் கலந்த சொம்பை வைத்திருந்தவர்கள் மகிழ்ச்சியோடு வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். சுத்தமான வெள்ளீயச் சொம்பை வைத்திருந்தவர்கள் ஏமாந்துவிட்டோம் என்று அழாத குறையாகப் போனார்கள். எங்கள் மொழியைப் படிக்கத் தெரியாதவர்கள் தப்பித்தார்கள். மலாய் வரியைப் படித்த ஒரு சீனக் கிழவர், தன் வீட்டுக் குழாய்த் தண்ணீரைக் கொடுத்து, தாள் மாறவில்லை என்றதும் நிம்மதியாகப் போனாராம். தமிழில் பெரிதாக எழுதியிருக்கிறதே என்று ஆசையோடு படித்தவர்கள்தான் அகப்பட்டுக்கொண்டார்கள்.

யார் யார் வந்தார்கள் என்று எவரும் குறித்துவைக்கவில்லை. இலவசச் சோதனைக்குப் பெயர் எதற்கு என்று விட்டிருந்தோம்.

அக்காவை அழைத்தேன். எடுக்கவில்லை. செயலாளரிடம் போனேன். விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்திவிட்டுக் கீழே இறங்கிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். மேடையில் ஒரே ஓர் அறிவிப்பு, அரை நிமிடம், நானே சொல்கிறேன் என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, பாத்திரக் கடைக்காரர்தான் நம்ம ஸ்பான்சர். பண்டிகை நேரம். பீதியக் கெளப்பாதீங்க."

"பீதி இல்ல ஐயா. நஞ்சு."

"புளிப்புக்கும் பச்சை ஆகும்னு கமிட்டில நீங்களே சொன்னீங்கதானே? அப்ப அது வினிகரா இருக்கலாமில்ல?"

"அத முறிக்கத்தான் ஐயா அந்தக் கரைசல். அதையும் கமிட்டில சொன்னேன்."

"எனக்கு அந்த அளவுக்கெல்லாம் தெரியாது லா. நாளைக்குப் பேசலாம்."

எதிரணி என் வாக்கியத்தில் பாதியை எடுத்து என்மேலேயே வீசுவது எனக்குப் புதிதல்ல. அதற்கு மறுமொழி சொல்ல ஒரு நிமிடம் தருவார்கள் என்பதுதான் மேடையின் விதி. அவரோ கையைக் கூப்பிவிட்டு அடுத்த பொன்னாடையை எடுக்கப் போய்விட்டார். அவருக்கு அறிவியல் தெரியாதது குற்றமில்லை. தெரிந்துகொள்ளாமல் இருப்பது அன்று அவருக்கு வசதியாக இருந்தது. என் கோபம் அந்த வசதியின்மேல்.

சோதனைத் தாள்களையும் வினிகரையும் கரைசலையும் பையில் போட்டுக்கொண்டு கிள்ளான் பக்கம் போகும் கொமுட்டர் ரயிலில் ஏறினேன். வழி முழுக்க என்ன சொல்வது என்று வரிசைப்படுத்திக்கொண்டே போனேன். முன்னுரை, சான்று, முடிவுரை. பழக்கம் அப்படி.

பண்டமாரான் வீட்டில் நுழைந்தபோது மாலை விளக்கு ஏற்றியிருந்தார்கள். சமையலறையிலிருந்து ரச மணம் வந்தது. மாமா வேலையில் இருந்தார். அக்கா கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவளோடு காலையில் வந்திருந்த பக்கத்து வீட்டு ஆன்டியும் அங்கே இருந்தார்.

"வாங்க, சிறந்த பேச்சாளரே" என்றாள் அக்கா. "எங்கள மாலை போடக் கூப்பிடாம நீயே வந்துட்ட?"

"அக்கா, ரசம் குடிச்சிட்டியா?"

"இப்பதான் இறக்கப் போறாங்க. உனக்கும் உண்டு."

அத்தை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "தம்பி, உங்க மேசையில பாத்தோமே. நம்ம சொம்பு எப்படிப் பச்சை ஆச்சு தெரியுமா? அந்த மலாய்ப் பொண்ணே அசந்துபோச்சு. பாவம், இவங்களோடது மாறவே இல்ல."

ஆன்டி சும்மா இருக்கவில்லை. "நான் விட்டேனா? நேரா கடைக்குப் போனேன். போலிய விக்கிறியான்னு கேட்டேன். வாயத் தொறக்காம வேற சொம்பு மாத்திக் கொடுத்துட்டான். இந்தா, இதையும் பாத்துச் சொல்லுங்க தம்பி."

நான் வாங்கி, வாசல் படியிலேயே சோதித்தேன். மூவரும் சூழ்ந்து நின்று பார்த்தார்கள். புளிப்பை முறிக்கும் துளிகளை இரண்டு மடங்காகவே விட்டேன். தாள் பச்சையானது. ஆன்டி கையைத் தட்டினார். "பாத்தீங்களா? சண்டை போட்டாத்தான் நல்லது கெடைக்குது."

அதற்குப் பிறகு நான் பேசிய பேச்சு என் வாழ்விலேயே மோசமான பேச்சு. ஈயம் இருவகைப்படும் என்று தொடங்கினேன். வெள்ளீயம், காரீயம், அயனி, நரம்பு, கரு என்று போனேன். அத்தையின் முகம் இறுகிக்கொண்டே வந்தது.

"அப்ப நான் வாங்கிக் கொடுத்த சொம்புல நஞ்சு இருக்குன்னு சொல்றியா?"

"நீங்க வேணும்னு செய்யல அத்தை."

"எங்க வீட்டுல காலங்காலமா ஈயச் சொம்புலதான் ரசம். யாரு செத்துப்போனா? மேடையில பேசுற பேச்ச இங்க வந்து பேசாத தம்பி. பச்சை ஆனா நல்லதுன்னு நீங்கதானே எழுதி வெச்சிருக்கீங்க?"

"நல்லதுன்னு எழுதல. உண்டுன்னு எழுதியிருக்கு."

"அதத்தான் நானும் சொல்றேன். ஈயம் உண்டு. அப்புறம் என்ன?"

நான் நின்றேன். அக்கா மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டேய், இரு. எந்த ஈயம்டா நீ சொல்றது? மலாய்ல என்ன?"

சொல்ல எனக்கு மனமில்லை. அன்று காலையில்தான் அத்தனை பேர் முன்னால் தமிழில் இல்லாதது எதுவுமில்லை என்று முழங்கியிருந்தேன். ஒரு நொடி அந்தப் பெருமை என்னைத் தடுத்தது. பிறகு சொன்னேன்.

"பிளம்பம்."

"பெட்ரோல் ஸ்டேஷன்ல போட்டிருக்குமே, தன்பா பிளம்பம், பிளம்பம் இல்லாததுன்னு. அதுவா?"

"அதுதான். பெட்ரோல்லகூட வேணாம்னு எடுத்துட்டாங்களே, அது."

அவ்வளவுதான். வேறு சான்று தேவைப்படவில்லை. அக்கா எழுந்து சமையலறைக்குப் போனாள். அடுப்பை அணைத்தாள். கொதிவந்த ரசத்தைச் சொம்போடு எடுத்துத் தொட்டியில் கவிழ்த்தாள். தினமும் ரசம் குடிக்கும் தம்ளரை எடுத்துத் தேய்த்துக் கழுவினாள். கழுவிவிட்டு மறுபடியும் கழுவினாள். குழாயை மூடாமல் மறுபடியும். அத்தை அவள் கையிலிருந்து தம்ளரை மெல்லப் பிடுங்கி வைத்துவிட்டு, கீழே உட்கார்ந்துவிட்டார். ஆன்டி தன் புதிய சொம்பைத் தூக்கவும் இல்லை, விடவும் இல்லை. வாசற்படியில் அதன் எதிரே நின்றார்.

அத்தை தரையில் இருந்தபடியே கேட்டார்: "அப்ப பேனர்ல ஏன்யா ஈயம்னு எழுதினாங்க?"

எத்தனையோ குறுக்குக் கேள்விகளுக்கு நின்ற நிலையில் பதில் சொன்னவன் நான். இதற்கு என்னவென்று சொல்வது? யாருக்குப் புரியும் என்ற இரக்கத்தால் மாற்றினார்கள் என்றா? எங்களுக்கு எது புரியும் என்பதை எங்களைக் கேட்காமலே முடிவுசெய்து, புரியும் சொல்லென்று பொய்ச்சொல்லைக் கொடுக்கும் அந்த இரக்கத்தை எந்தப் பெயரால் அழைப்பது?

மறுநாள் இரண்டு சொம்புகளையும் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். தாள் காட்டுவது ஐயம்தான். உறுதி சொல்ல உலோகத்தை அளந்து சொல்லும் பெரிய கருவி இருக்கிறது. அதுவும் காரீயம் என்றே சொன்னது. ஆன்டி திருப்பிக் கொடுத்திருந்த பழைய சொம்பைக் கேட்டு அந்தக் கடைக்குப் போனோம். அந்த நல்ல சொம்பைப் போலியென்று ஒதுக்கி எங்கோ அனுப்பிவிட்டார்களாம்.

அக்காவைக் கிள்ளானில் மருத்துவரிடம் கூட்டிப்போனோம். இரத்தம் எடுத்தார்கள். உடலில் காரீயம் சேரும்போது இரத்தத்தில் என்ன நடக்கும் என்பதை நான் பாடமாகப் படித்திருக்கிறேன். போர்பைரின் வளையம் உருவாகும்; ஆனால் அதில் இரும்பு வந்து அமரும் வேலை தடைப்படும். இரும்பு இருக்கவேண்டிய இடத்தில் இரும்பு இல்லாத வளையங்கள் இரத்தத்தில் மிதக்கும். நான் நாள்தோறும் கண்ணாடிக் குடுவையில் செய்து, காயவைத்து, அழகாக இருக்கிறதென்று படமெடுத்துக்கொள்ளும் அதே வளையம். ஊசி ஏறிய இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தபோது அதைத்தான் நினைத்தேன். அவளிடம் சொல்லவில்லை. முடிவு வந்தது. காரீயம் இருக்கிறது; அச்சப்படும் அளவு இல்லை; இனி சேரக்கூடாது; மறுபடி பார்க்கவேண்டும் என்றார் மருத்துவர். குழந்தைக்கு என்ன என்று அக்கா கேட்டாள். இப்போதைக்கு உறுதியாக எதுவும் சொல்லமுடியாது என்றார். இதை நான் எழுதும்போது அவளுக்கு எட்டாம் மாதம். இன்னும் எவரும் உறுதியாக எதுவும் சொல்லவில்லை.

அந்த வாரம் முழுக்கச் சங்கத்தின் கதவைத் தட்டினேன். எங்கள் ஆய்வு மேற்பார்வையாளர் கருவியின் முடிவோடு முறையாக எழுதினார். சந்தை முடியும் தறுவாயில் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு திருத்தம் வந்தது. அச்சுப்பிழை என்ற தலைப்பில், "ஈயம் என்பதைக் காரீயம் என்று வாசிக்கவும். சிரமத்துக்கு வருந்துகிறோம்." அச்சுப்பிழை. நான் அனுப்பிய சொல்லை அழித்து, ஒட்டிய தாளைக் கிழித்துவிட்டு, பழியை அச்சு எழுத்தின்மேல் போட்டார்கள். ரசம் குடிக்கிறவர்களில் எவர் அந்தக் குழுவில் இருந்தார்? இருந்தவர் படித்து என்ன செய்வார்? "காரீயமா இருந்தா இன்னும் ஒசத்தியா?" என்று ஒருவர் அதன் கீழே கேட்டிருந்தார். பதில் இல்லை. யாரோ ஒரு கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு நிறைவு விழாவில் என் பெயரை அழைத்தார்கள். சுழற்கிண்ணத்தை என் கையில் கொடுத்தவர் செயலாளர்தான். படம் எடுப்பவரைப் பார்த்துச் சிரித்தபடியே என் காதில், "ரெண்டு வார்த்தை நன்றி சொல்லிட்டு எறங்கிடுங்க, தம்பி" என்றார்.

கிண்ணத்தைத் தரையில் வைத்தேன். ஒலிவாங்கியைப் பிடித்து, போன ஞாயிறு வாசலில் சொம்பைச் சோதித்து, பச்சை வந்தது என்று மகிழ்ச்சியோடு போனவர்கள் இங்கே இருக்கிறீர்களா என்று கேட்டேன். நடு வரிசையில் ஒரு கை உயர்ந்தது. பின்னால் இன்னும் சில. சிரித்த முகங்கள். அது நஞ்சுக்கான சோதனை என்றேன். காரீயம் என்றேன், பிளம்பம் என்றேன், பெட்ரோல் நிலையத்தில் இல்லை என்று எழுதியிருக்கிறார்களே அது உங்கள் ரசத்தில் இருக்கிறது என்றேன். ஒலிவாங்கி செத்துப்போனது. எவர் கை அணைத்தது என்று நான் பார்க்கவில்லை. ஒலிவாங்கி இல்லாமல் கடைசி வரிசைவரை கேட்கும்படி பேசுவதற்குத்தான் என் வயிற்றையும் மூச்சையும் இத்தனை ஆண்டுகள் பழக்கியிருந்தேன். பழகியது அன்றுதான் பயன்பட்டது.

மேடையில் நின்றிருந்த செயலாளர், "தம்பி, போதும்" என்றார். எழுந்து நின்ற ஒரு பெண்மணி, "இருங்க அங்கிள், அவர் சொல்லட்டும்" என்றார். அவர் இடுப்பில் ஒரு குழந்தை இருந்தது.

சொல்லி முடித்துவிட்டு, இறங்குவதற்கு முன் நான் உரக்கச் சொன்னதை உங்கள்முன் மறுபடியும் சொல்கிறேன். அன்று கேட்டவர்கள் மறந்துவிடலாம்.

"யார் வீட்டுச் சொம்பு பச்சை ஆனதுன்னு எனக்குத் தெரியாது. அதனால வேலை முடிஞ்சிருச்சின்னு நான் சொல்லப்போறதில்ல, நீங்கதான் சொல்லணும். ஒவ்வொரு ஞாயிறும் இந்த மண்டபத்து வாசல்ல தாளோட நிப்பேன். என்ன இருக்குன்னு நீங்க எந்த மொழில கேட்டாலும் அந்த மொழில சொல்லுவேன். நீங்க முடிஞ்சதுன்னு சொல்றவரைக்கும், எந்த மேடையிலயும் ஏறமாட்டேன்."